எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளை: வகுப்பாசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாயால் கேட்டால் பதில் சொல்கிறான். மனக்கணக்கு டக்கென்று வருகிறது. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் வாயடைத்து நிற்கிறான். மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இப்படி ஒரு பிள்ளை உங்களிடம் இருந்தால், இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். டிஸ்லெக்சியா, கற்றல் குறைபாடு என்று இதற்குப் பல பெயர் சொல்வார்கள். இந்தப் பெயர்கள் நமக்கு ஆறாவது படியில்தான் வேண்டியிருக்கும்.

முதலில் வகுப்பாசிரியராக இருந்துவிட்டு, இப்போது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநராகப் பள்ளி பள்ளியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். நான் பார்த்தவரை அக்கறை இல்லாத ஆசிரியர்கள் குறைவு. பெரும்பாலும் படிகளின் வரிசைதான் மாறிப்போகிறது. முதல் வாரத்திலேயே கற்றல் குறைபாட்டுச் சான்றுக்கு ஓடுகிறார்கள், இல்லையென்றால் பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடுகிறார்கள். இரண்டுமே பிள்ளைக்கு உதவுவதில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு. அந்தப் பிள்ளையின் போன வருட நோட்டுகளில் கிடைத்தவை. வருகைப் பதிவேட்டிலிருந்து இரண்டு வருடக் கணக்கு. தினமும் பத்து நிமிடம். தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வைப்பது. இவ்வளவு போதும், பணம் எதுவும் செலவாகாது.

வருகைக் கணக்கு எதற்கு என்று கேட்பார்கள். கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ குடும்பத்தோடு போய் வருடத்தில் நான்கு மாதம் பள்ளிக்கே வராத பிள்ளைக்கு வாசிக்க வராததற்குக் காரணம் வேறு. அவனுக்கு விட்டுப்போன பாடம்தான் வேண்டும். அதை இங்கேயே பிரித்துவிட்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

1. மூன்று வாரம் எழுதி வையுங்கள்

பெயர் வைக்காதீர்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "படிக்க மாட்டேன் என்கிறான்", "கவனம் இல்லை" என்று எழுதினால் அது உங்கள் கோபத்தைப் பற்றிய குறிப்பு, பிள்ளையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இப்படி எழுதுங்கள்:

"செவ்வாய், தமிழ். 'கோழி' என்பதற்கு 'கேழி' என்று எழுதினான். கால் விட்டுப்போனது. 'மேலே' என்பதை 'மெலெ' என்று எழுதினான். 'பட்டம்' சரியாக வாசித்தான். ஒரே சொல் இரண்டாம் வரியில் வந்தபோது மறுபடி முதலிலிருந்து கூட்டினான்."

இந்தக் கடைசி வரி முக்கியம். ஒரு நிமிடம் முன்னால் வாசித்த சொல்லையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பது சாதாரணமாகப் பின்தங்கிய பிள்ளையிடம் அவ்வளவாக இருக்காது.

தமிழில் குறிப்பாக நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். குறில் நெடில் மாறுகிறதா. கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளில் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறதா. வடிவம் ஒத்த எழுத்துகளில், அதாவது ங-ஞ, எ-ஏ போன்றவற்றில், தடுமாறுகிறானா. சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறானா. ஊகிப்பவன் கெட்டிக்காரன். படத்தைப் பார்த்துப் பாடத்தையே சொல்லிவிடுவான், உங்களுக்குத் தெரியவே தெரியாது. படம் இல்லாத பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

ல-ள-ழ, ர-ற குழப்பத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அந்தக் குழப்பம் நம் ஊரில் பெரியவர்களின் கடைப் பலகையிலும் இருக்கிறது.

மூன்று வாரம் எதற்கு? ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் வீட்டில் சண்டை, ஒரு நாள் பசி. மூன்று வாரம் எழுதினால் இவை வடிந்து, மாறாமல் திரும்பத் திரும்ப வருவது மட்டும் மேலே நிற்கும். பின்னால் மருத்துவமனையில் "பள்ளியில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்கும்போது நீட்டுவதற்கு இந்த நோட்டு இருக்க வேண்டும்.

2. கண்ணும் காதும் முதலில்

இதில் நானே தவறியிருக்கிறேன். வகுப்பாசிரியராக இருந்த இரண்டாம் வருடம், சொல்வதெழுதுதலில் எப்போதும் பூஜ்யம் வாங்கும் ஒரு பையனைச் சோம்பேறி என்று நினைத்து ஒரு பருவம் முழுக்கத் திட்டியிருக்கிறேன். காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. பஞ்சை வைத்துக்கொண்டு வருவான், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாதி ஒலி அவனுக்குக் கேட்கவே இல்லை.

காதுக்கு: பிள்ளைக்குப் பின்னால் ஆறடி தள்ளி நின்று, மெதுவான குரலில் "படம், பழம், பணம்" போன்ற சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முன்னால் நின்றால் உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

கண்ணுக்கு: ஐந்து வரியைக் கரும்பலகையிலிருந்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த நாள் வேறு ஐந்து வரியைப் புத்தகத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள். பலகையில் மட்டும் தப்பு அதிகம் என்றால் கண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரித் தப்பு என்றால் நம் சந்தேகம் வலுக்கிறது.

இவை மருத்துவச் சோதனை ஆகாது. அனுப்ப வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான். பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டி, எழுத்தில் வாங்கி நோட்டில் ஒட்டி வையுங்கள். பின்னால் எங்கே போனாலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராஷ்டிரமோ இந்தியோ பேசும் பிள்ளையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுமொழி வேறாக இருந்தால் பேச்சிலும் தடுமாற்றம் தெரியும். பேச்சில் சரளமாக இருந்து எழுத்தில் மட்டும் சிக்குவதுதான் நாம் தேடுவது.

3. பெற்றோரிடம் பேசுவது

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் வைத்துப் பேசாதீர்கள். மற்ற அம்மாக்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். தலைமையாசிரியர் அறைக்கு அப்பாவை வரவழைப்பதும் வேண்டாம், அன்று இரவு பிள்ளைக்கு அடி நிச்சயம்.

தனியாக உட்காரவைத்து, பிள்ளைக்கு நன்றாக வருவது ஒன்றைச் சொல்லித் தொடங்குங்கள். உண்மையாக இருக்க வேண்டும், அம்மாக்களுக்குப் பொய் உடனே தெரியும். நான் இப்படிப் பேசுவேன்:

"அம்மா, இவன் மனக்கணக்கு எனக்கு முன்னாடி சொல்றான். கதை சொன்னா ஒரு வார்த்தை விடாம திருப்பிச் சொல்றான். ஆனா எழுத்தைப் பார்த்தா மட்டும் தடுமாறுறான். வீட்ல எப்படி இருக்கான்?"

பெரும்பாலும் வரும் பதில்: "எந்நேரமும் செல்லுதான் டீச்சர், அதான்." அல்லது: "நல்லா போட்டு அடிங்க டீச்சர், நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்." அதற்கு விவாதம் செய்யாதீர்கள். நோட்டைத் திறந்து இரண்டு மூன்று குறிப்புகளைக் காட்டுங்கள். பிறகு, வீட்டில் வேறு யாருக்காவது சின்ன வயதில் இப்படி இருந்ததா என்று கேளுங்கள். சில நேரம் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் எழுத்தே ஏறல, அஞ்சாவதோட நின்னுட்டேன்" என்பார். இது குடும்பத்தில் வரக்கூடியது. இதைச் சொன்னபின் அந்த அப்பாவின் குரலே மாறிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் சந்திப்பில் சான்று, அட்டை, மாற்றுத்திறனாளி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். எடுத்தால் அடுத்த வாரம் பிள்ளை வேறு பள்ளியில் இருப்பான். கேட்க வேண்டியது இரண்டுதான்: காது, கண் காட்டி வர வேண்டும், வீட்டில் எழுதச் சொல்லி உட்காரவைத்து அடிக்க வேண்டாம்.

4. வகுப்பறையில் இந்த வாரமே மாற்றக்கூடியவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இல் 16ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பிள்ளைகளின் கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டியது கல்வி நிறுவனத்தின் கடமை என்று அது சொல்கிறது. சான்று கிடைத்த பிறகு தொடங்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. "பேப்பர் வரட்டும் சார், பார்க்கலாம்" என்று சொல்பவர்களிடம் நான் எடுத்துக் காட்டுவது இந்தப் பிரிவைத்தான்.

முதலில் நிறுத்த வேண்டியவை. எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வது. தப்பாக எழுதிய சொல்லை ஐம்பது முறை எழுதச் சொல்வது. தப்பாகவே ஐம்பது முறை எழுதுவான், அது கையில் பதிந்துவிடும். நோட்டு முழுக்கச் சிவப்பு மை. ஒரு பக்கத்துக்கு ஒரே வகைத் தப்பை மட்டும் திருத்துங்கள்.

அடுத்து இடம். பலகைக்கு நேராக இரண்டாம் வரிசை நல்லது, பக்கத்தில் நிதானமான ஒரு பிள்ளை. வகுப்புத் தலைவனைப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள், அவன் இன்னொரு வாத்தியார் ஆகிவிடுவான்.

தேர்வில் கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், விடையை வாயால் சொல்லவிட்டுக் கேளுங்கள். அறிவியலில் நீங்கள் சோதிப்பது அறிவியலை. இலையில் உணவு எப்படித் தயாராகிறது என்று தெரிந்த பிள்ளைக்கு எழுத்துப்பிழைக்காக மதிப்பெண் குறைத்தால், அந்த மதிப்பெண் எதைக் காட்டுகிறது?

இப்போது வாசிப்பு. அகரவரிசையில் மறுபடி தொடங்காதீர்கள். அ முதல் ஔ வரை, க முதல் கௌ வரை ராகம் போட்டு ஒப்பிக்க அவனுக்கு ஏற்கெனவே தெரியும். நடுவிலிருந்து ஓர் எழுத்தைக் காட்டினால்தான் தெரியாது. நான் போகும் வரிசை இது.

ட, ப, ம. மூன்றும் பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை, கை எளிதில் பழகும். உடனே புள்ளியைச் சேர்த்துவிடுங்கள், புள்ளி இல்லாமல் தமிழில் பிழைப்பில்லை. இந்த மூன்று எழுத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் கிடைக்கும். முதல் நாளே நான்கு சொல் வாசித்த பிள்ளை மறுநாள் தானாக வந்து பக்கத்தில் நிற்பான்.

அடுத்து கால். படம்-பாடம், மடம்-மாடம் என்று ஜோடியாகவே கொடுங்கள். நெடிலுக்குக் கையை நீட்டி இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். குறில் நெடில் காதில் பிரிந்தால்தான் கையில் பிரியும்.

அப்புறம் இகரம், ஈகாரம். டி, டீ வடிவம் கொஞ்சம் மாறுவதால் அவற்றைக் கடைசியில் வையுங்கள்.

உகர வரிசையில் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே குறி எல்லா எழுத்துக்கும் வராது. மூன்று குடும்பமாகப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள்: பு, சு, வு, யு ஒரு குடும்பம், து, நு, று, லு ஒரு குடும்பம், கு, மு, ரு, டு, ழு, ளு ஒரு குடும்பம். ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம். ஊகாரம் அதற்கும் பிறகு, அவசரமில்லை.

கொம்பு எழுத்துகளுக்கு வந்தால் இந்தப் பிள்ளைகளின் சிக்கலே புரியும். "கெ" என்று சொல்லும்போது முதலில் கேட்பது க், பிறகு எ. எழுதும்போது எகரத்தின் குறி முன்னால் வந்துவிடுகிறது. "கொ" என்றால் உயிரின் குறி இரண்டாக உடைந்து எழுத்தின் இரு பக்கமும் நிற்கிறது. ஒலியின் வரிசையில் எழுதுகிற பிள்ளை முதலில் க போட்டுவிடுவான், கொம்புக்கு இடம் இருக்காது. அதனால் மூன்று கட்டம் போட்ட அட்டை செய்துகொள்ளுங்கள். நடுக் கட்டத்தில் மெய்யின் வீடு. இடப்பக்கம் கொம்புக்கு, வலப்பக்கம் காலுக்கு. நடுவில் க எழுதியபிறகு, "என்ன கேட்குது?" என்று கேட்டு இரண்டு பக்கமும் நிரப்பச் சொல்லுங்கள். நாலைந்து வாரத்தில் அட்டை இல்லாமலே இடம் விட்டு எழுதப் பழகிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கருவி வேறில்லை. விலை ஒரு பழைய காலண்டர் அட்டை.

ந-ண-ன வுக்கு ஒலியை நம்பாதீர்கள், இடத்தைக் காட்டுங்கள். சொல்லின் முதலில் வந்தால் ந. சொல்லுக்குள் த வுக்கு முன்னால் ந், ட வுக்கு முன்னால் ண், ற வுக்கு முன்னால் ன். பந்து, வண்டு, கன்று. ர இரட்டிக்காது, ற இரட்டிக்கும்: காற்று, நேற்று. பேச்சில் கேட்காத வித்தியாசத்தை இப்படி விதியாகக் கொடுத்தால் இவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். மூளை நன்றாகத்தானே வேலை செய்கிறது!

தடவிப் பார்க்க மணல் தட்டு, புளியங்கொட்டை, உப்புத்தாள் எதுவானாலும் சரி. தினமும் பத்து நிமிடம் போதும். சனிக்கிழமை மொத்தமாக ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் வெள்ளிக்குள் படித்தது போய்விடும்.

5. சிறப்புப் பயிற்றுநரை எப்போது, எதற்குக் கூப்பிடுவது

எட்டு வாரம் மேலே சொன்னபடி செய்தபிறகும் மாற்றம் குறைவாக இருந்தால், சிறப்புப் பயிற்றுநர்களை அனுப்பும் வட்டார வள மையத்துக்குச் சொல்லுங்கள். பள்ளிகளில் நலம் நாடி செயலியின் வழியாகவும் முதற்கட்டக் கணிப்பைப் பதிவு செய்யலாம். பதிந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், செயலி பிள்ளைக்குப் பாடம் நடத்தாது.

எங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பயிற்றுநருக்குப் பல பள்ளிகள். உங்கள் பள்ளிக்கு நான் வருவது வாரத்தில் ஒரு நாளாக இருக்கலாம், அதுவும் இல்லாமல் போகலாம். "சிறப்பு டீச்சர் வந்தாச்சு, இனி அவங்க பார்த்துப்பாங்க" என்று பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டால் மீதி நான்கு நாள் அவனுக்கு ஆசிரியரே இல்லை. எங்களிடம் திட்டத்தைக் கேளுங்கள்.

திட்டம் என்றால் எழுதியிருக்க வேண்டும், மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். "தமிழ் வாசிப்பை மேம்படுத்துதல்" இலக்கு ஆகாது, அதை எப்படி அளப்பீர்கள்? "எட்டு வாரத்தில், கால் வரும் இருபது சொற்களில் பதினாறை உதவியில்லாமல் வாசிப்பான்" என்று எழுதினால் எட்டாவது வாரம் எண்ணிப் பார்க்கலாம்.

6. சான்றும் அட்டையும்

2016 சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. இதற்கான சான்றை எட்டு வயதுக்குக் கீழ் தர மாட்டார்கள். அதற்கு முன் பிள்ளை எழுத்தைப் பழகவே போதிய காலம் கிடைத்திருக்காது என்பதுதான் காரணம். ஆகவே இரண்டாம் வகுப்புப் பிள்ளையை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு அலைய வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளர் நுண்ணறிவையும் வாசிப்பு, எழுத்து, கணக்கையும் தனித்தனியாகச் சோதிப்பார். அறிவுசார் குறைபாடும் கற்றல் குறைபாடும் வெவ்வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தவறான கட்டத்தில் டிக் அடித்த விண்ணப்பங்கள் என் கைக்கே வந்திருக்கின்றன, திருத்த மாதக்கணக்கில் ஆனது.

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார், புகைப்படங்கள், முகவரிச் சான்று, காது-கண் பரிசோதனைச் சீட்டு, பழைய நோட்டுகள் இரண்டு, தலைமையாசிரியரின் கடிதம், உங்கள் நாற்பது பக்க நோட்டு. காலைச் சாப்பாடு முடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சோதனை நீளமானது, பசியில் இருக்கும் பிள்ளை பாதியில் விட்டுவிடுவான்.

சான்றின் அடிப்படையில் இணையத்தில் விண்ணப்பித்து மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை வாங்கலாம். சான்றில் செல்லுபடியாகும் தேதி இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். பத்தாம் வகுப்புக்கு ஒரு வருடம் முன்னால் காலாவதியான சான்றோடு வரும் பெற்றோரைப் பார்க்கும்போது பாவமாக இருக்கும். தனியார் மையத்தின் அறிக்கை கற்பிக்க உதவும், தேர்வுச் சலுகைக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

7. பொதுத்தேர்வுச் சலுகை: ஒன்பதாம் வகுப்பிலேயே

அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்றவற்றைத் தருகிறது. பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், சுற்றறிக்கையில் கடைசித் தேதி இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் காகிதம் மட்டுமே இல்லை. சொல்லி எழுதவைப்பது தனியாகப் பழக வேண்டிய வேலை. முன்பின் தெரியாத ஒருவரிடம் "புதுப் பத்தி", "அடிக்கோடு போடுங்க", "அதை அடிச்சிட்டு இப்படி எழுதுங்க" என்று சொல்ல ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும். காலாண்டிலும் அரையாண்டிலும் ஒத்திகை பாருங்கள். கணக்கில் படிகளை எப்படிச் சொல்வது என்பதைத் தனியாகப் பழக்குங்கள், அங்கேதான் அதிகம் சிக்குகிறது.

எல்லாச் சலுகையையும் வாரிக்கொள்ள வேண்டியதில்லை. கையெழுத்து மெதுவாக இருந்தாலும் தானே எழுத விரும்பும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் மட்டும் போதும். பிள்ளையைக் கேளுங்கள். மொழி விலக்கு வாங்கும் முன் அடுத்து என்ன படிக்க ஆசைப்படுகிறான் என்று பேசிவிட்டு முடிவெடுங்கள்.

8. ஏப்ரலில் ஒரு பக்கம்

ஐந்தாம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்குப் போகும்போதுதான் எல்லாம் தொலைகிறது. ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு ஆசிரியர் புதிதாகத் திட்டத் தொடங்கிவிடுவார்.

ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். மேலே, அவனுக்கு நன்றாக வருபவை. நடுவில், எதுவரை வாசிக்கிறான், எந்த எழுத்துகள் இன்னும் சிக்குகின்றன. கீழே, செய்யக் கூடாதவை: எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், கேள்வியை வாசித்துக் காட்டவும். சான்று எண் இருந்தால் அதுவும்.

இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பள்ளிக் கோப்பில் வையுங்கள். இன்னொன்றைத் தபாலில் அனுப்ப வேண்டாம், யாரிடமாவது கொடுத்துவிடவும் வேண்டாம். மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மா வரும் நாளில் அதோடு சேர்த்து அவர் கையில் கொடுத்து, "சேர்க்கும்போது இதையும் அந்த டீச்சர்கிட்ட குடுத்துடுங்கம்மா" என்று சொல்லுங்கள். அந்தச் சான்றிதழை எந்த அம்மாவும் தொலைக்க மாட்டார்.